கழுவின காசு

கண்டக்டரின் மகள் இறந்து அந்த மழைக்காலம் முடிந்ததும், அவள் கைபட்ட சில்லறைக் காசுகள் மட்டும் ஆறாமல் சூடாகவே இருக்கின்றன என்ற விஷயம் எங்கள் ஊரில் தெரியவந்தது. அதே வாரத்தில்தான் சர்க்கரை விலை ஏறியது, ஆற்றுப்பாலத்துக் கைப்பிடிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். மூன்றில் சர்க்கரையைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகம் பேசினார்கள். காசு சூடாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காகக் கடைக்காரன் கூடக் கொடுக்கப் போகிறானா என்ன. இதை நான் எழுதி வைப்பதற்குக் காரணம் வேறு. இன்றைக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு நாணய ஆல்பம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதென்ன இந்த ஊருக்கு இப்படி ஒரு கிறுக்கு என்று கேட்கிறார்கள். எங்கள் ஆட்களும் ஆளுக்கொரு கதை சொல்லி அனுப்புகிறார்கள். பிறந்த வருஷத்துக் காசைத் தேடப்போய் ஆரம்பித்தேன் என்பார் ஒருவர். மீதிச் சில்லறையில் வெளிநாட்டுக் காசு ஒன்று வந்து மாட்டிக்கொண்டது, எங்கேயும் செல்லவில்லை, எடுத்து வைத்தேன் என்பார் இன்னொருவர். மாமனார் பெட்டியில் கிடந்தது என்பவர்களும் உண்டு. எல்லாம் புளுகு. எங்கள் ஊரில் முதன்முதலாகக் காசு சேர்க்க ஆரம்பித்தவர் டவுன் பஸ் கண்டக்டர். பெண்டாட்டி ஒரு வாய் சாப்பிட வேண்டுமே என்பதற்காக ஆரம்பித்தார்.

அவர் மகள் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மருந்துக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கைச்சூடு. அப்பா அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அடுப்பு. அடுப்பு எழுந்தாச்சா என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் பல் விளக்குவார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து விரிப்புகளை இழுத்துப் பிழிந்துவிட்டு வந்து குப்புறப் படுப்பாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் அம்மாவின் இடுப்பில் வைத்தால் போதும், வலி இறங்கிவிடும். தைலம் வாங்கின செலவே அந்த வீட்டில் கிடையாது. மருந்துக்கடையிலும் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. மற்ற கடைகளில் மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாயை நீட்டுவார்கள். இவள் நீட்டமாட்டாள். காய்ச்சல்காரனுக்கு எதுக்கு மிட்டாய் என்பாள். காலையில் அப்பாவின் தோல்பையிலிருக்கும் சில்லறைக்கு நோட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்டு போய்க் கல்லாவில் கொட்டுவாள். வருகிறவர்கள் உள்ளங்கையில் ஒவ்வொரு காசாக அழுத்தி வைப்பாள். மிட்டாய் டப்பா காலியாகவே மாட்டேனென்கிறதே என்று முதலாளி அலுத்துக்கொள்வார். வியாதி வராதவர் யார்? அதனால் ஊரில் அவள் கையால் சில்லறை வாங்காதவர் அநேகமாக யாரும் இல்லை.

அவளுக்கே காய்ச்சல் வந்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் அலமாரி முழுக்கக் காய்ச்சல் மாத்திரையை வைத்துக்கொண்டு அவள் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். தலையை வலிக்கிறது என்று சொன்ன காலையில் அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "இவ எப்பவும் இப்படித்தானே," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். வெந்நீரில் ஊறி ஊறிக் காய்த்துப்போன உள்ளங்கை அது. சூடான தட்டையே துணி இல்லாமல் இறக்கி வைப்பவள். அடுத்து நடந்ததை விவரிக்க எனக்கு மனசு வரவில்லை, ஊரில் யாருக்கும் வருவதில்லை. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்த படுக்கை விரிப்பு சலவைக்கூடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதைத் துவைத்தவள் அம்மாதான் என்கிறார்கள். சேச்சே, வேறொருத்தி வாங்கிக்கொண்டாள் என்றும் சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும் அன்றைக்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். சாப்பிட மறுத்தாள், தலைவார மறுத்தாள். அவள் தங்கைக்காரி வந்திருந்து ஊட்டிவிட்டுப் பார்த்தாள், கெஞ்சினாள், திட்டினாள். எதற்கும் அசையவில்லை. எப்போதாவது வலது உள்ளங்கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கைதான்," என்பாள். அவ்வளவுதான் பேச்சு. டாக்டர் கண்டக்டரை வெளியே கூப்பிட்டு, இப்படியே போனால் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

பனி கொட்டுகிற ஒரு காலை, முதல் டிரிப். கண்டக்டர் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, கம்பியில் சாய்ந்தபடி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். மீன் கூடையோடு ஏறிய ஒரு பெண்மணி சில்லறையைக் கையில் வைத்தார். அதில் ஒரு காசு சுட்டது. அந்தக் குளிரில் மற்ற காசெல்லாம் ஐஸ்கட்டி, இது மட்டும் இறக்கி வைத்த டீ கிளாஸ். கூடைக்காரம்மா அதை எங்கேயோ நெருப்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பார் என்று நினைத்துப் பைக்குள் போட்டார். மதியம் வரைக்கும் இடுப்பில் பை இடிக்கிற இடம் மட்டும் வெதுவெதுவென்றே இருந்தது. டிப்போவில் வசூலைக் கட்டுகிற நேரத்தில் தன் சட்டைப்பையிலிருந்த காசைப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து, வேறு பேச்சு எதுவும் இல்லாததால், பெண்டாட்டியின் கையில் வைத்தார். சுவரைப் பார்த்துக் கிடந்தவளின் விரல்கள் மூடின. பிறகு, "இது அவ கை," என்றாள். எழுந்து உட்கார்ந்து, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். தங்கைக்காரி அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

அன்று தொடங்கியது. சில்லறை இல்லாமல் ஏறாதே என்று ஊரையே இறக்கிவிட்டுக்கொண்டிருந்த மனுஷன், யார் சில்லறை கொடுத்தாலும் கை நீட்டி வாங்கி ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். வண்டி ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கும், விசில் ஊதாமல் காசைத் தடவிக்கொண்டிருப்பார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஓய்வு நாளில் நோட்டுகளை எடுத்துக்கொண்டு டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்டு, சலூன், ரேஷன்கடை என்று ஏறி இறங்குவார். கல்லாவைக் கவிழ்க்கச் சொல்வார், கையை விட்டு அளைவார், சூடானதை எடுத்துக்கொண்டு நோட்டைக் கொடுப்பார். ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, அட பாவமே என்றார்கள். பிறகு தங்கள் கைக்குச் சூடாக ஏதாவது வந்தால் கண்டக்டருக்கென்று எடுத்து வைத்தார்கள். ஒவ்வொரு காசாக வர வர அவர் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். ஒரு காசுக்குத் தலைவாரிக்கொண்டாள். இன்னொரு காசுக்கு வாசல் வரை வந்தாள். ஒன்று வந்த அன்றைக்குத் தங்கையிடம், நீ உன் வீட்டுக்குப் போடி, உன் புருஷன் என்ன நினைப்பார் என்றாள். காசுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பாள். டப்பா நிரம்ப நிரம்ப அந்த அறையில் சுவர்கூட உலர்ந்தது. மழையில் ஊறிக் கிடந்த சுவர் அது. கண்டக்டர் மட்டும் தேறவில்லை. அவரும் அப்பாதானே, அவருக்கு யார் என்ன கொடுத்தார்கள்? பெண்டாட்டி தூங்கின பிறகு டப்பாவின் மேல் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அள்ளிக் கையில் வைத்துக்கொண்டால் சூடு குறைந்துவிடுமோ என்று பயம்.

இது பரவாமல் இருக்குமா. ஊரில் சாவு விழாத வீடு எது? ஆளாளுக்குச் சில்லறையை உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தையல்காரருக்கு அவர் அண்ணனுடைய காசு ஒன்று கிடைத்தது. மேஜைமேல் வைத்தால் தானாக லேசாக நடுங்கும். இரண்டு பேரும் ஒரே மிஷினில் மாற்றி மாற்றி உட்கார்ந்தவர்கள். பால்பூத் அம்மாவுக்கு அவருடைய மாமியார் காசு வந்தது. விரலில் ஒட்டிக்கொண்டு விடவே விடாது. உயிரோடு இருந்தபோதும் அவங்க காசு அப்படித்தான் என்று பால்பூத் அம்மா சொன்னார், ஆனால் அதைக் கடைசி வரைக்கும் செலவழிக்கவில்லை. கிடைத்தவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். கிடைக்காதவர்களால்தான் நிறுத்த முடியவில்லை. தேடிக்கொண்டே இருந்தார்கள். தேடுகிற சாக்கில் வருஷம் பார்த்தார்கள், எந்த நாணயச்சாலையில் அடித்த காசு என்று பார்த்தார்கள், பூதக்கண்ணாடி வாங்கினார்கள், ஆல்பம் வாங்கினார்கள். செத்தவர்களைத் தேடுகிறோம் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் சேகரிப்பு என்றார்கள். இப்படித்தான் எங்கள் ஊரில் அந்த வியாதி வந்தது.

அவர்களில் பெரிய ஆள் பேங்க் கேஷியர். மனைவியை இழந்தவர், ஓய்வு பெறுகிற வயசு. ஊர்ச் சில்லறை மொத்தமும் அவர் மேஜைக்கு வந்துதான் போகும். வருஷக்கணக்காகத் தேடினார். ஒரு காசுகூட மனைவியுடையதாக அகப்படவில்லை. நாளாக நாளாக அவருக்கே காரணம் பிடிபட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து காய்கறி, துணிமணி, மருந்து எல்லாம் அவரே வாங்கிப் போட்டுவிடுவார். அந்த அம்மாள் கையில் அவர் காசு என்று ஒன்றைக் கொடுத்ததே இல்லை. இது தெரிந்த பிறகும் அவர் விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் நாணயச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்துத் தானே தலைவரானார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரே விஷயம். காசைக் கழுவாதீர்கள். எலுமிச்சம்பழம் வேண்டாம், பல்பொடி வேண்டாம், சோப்பு வேண்டாம். மேலே படிந்திருப்பதை அழுக்கு என்று நினைக்காதீர்கள், அதன் வயசே அதுதான். புதுசாக ஆரம்பிக்கிறவன் எவனும் ஆசையாகச் செய்கிற முதல் தப்பு அதுதான், செய்த பிறகு எட்டணாவுக்குக்கூட யாரும் வாங்கமாட்டார்கள். கண்டக்டரும் அந்த மாடியில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் காசு கொண்டுவருவார்கள், தொட்டுப் பார்க்கலாம் என்று வந்திருந்தார். கேஷியர் சொன்னது காதில் விழத்தான் விழுந்தது. விற்கிறவர்களுக்குச் சொல்கிற சமாசாரம், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டார். வீட்டில் வந்து சொல்லவில்லை.

அவர் மனைவி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். முதல் நாள் சலவைக்கூடத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாளே, இதென்ன துவைப்பு, ஓரமெல்லாம் கறை என்று சத்தம் போட்டாள். ஆள் பழையபடி ஆகிவிட்டாள் என்று எல்லோருக்கும் நிம்மதி. கறை என்றால் அவளுக்கு ஆகாது. ரத்தம், அயோடின், கஞ்சி எது எதில் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அப்படிப்பட்டவள் ஒரு விடுமுறை நாளில், நல்ல வெயில் நேரத்தில், டப்பாவைத் திறந்து முதல்முறையாகக் காசுகளைக் கண்ணால் பார்த்தாள். அதுவரை அவள் தொட்டுத்தான் இருந்தாள், பார்த்ததில்லை. எல்லாம் கருத்துப் பிசுபிசுத்துக் கிடந்தன. ஒன்றில் மீன் வாடை. ஒன்றில் பீடி. ஒன்றில் பச்சையாக என்னவோ பிடித்திருந்தது. மகள் கொடுத்த பிறகு எத்தனை பேர் கைமாறி வந்த காசு. யார் யார் கையோ தன் பெண்ணின் கைமேல் ஏறி உட்கார்ந்திருப்பதாக அவளுக்குப் பட்டது. மேலே இருக்கிறதையெல்லாம் எடுத்துவிட்டால் அவள் கை மட்டும் மிச்சம் இருக்கும். சூடு இன்னும் நன்றாகத் தெரியும். அடுப்பில் தண்ணீர் காயவைத்தாள். சோப்புத்தூள் போட்டாள், எலுமிச்சம்பழம் பிழிந்தாள், பழைய பல்துலக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி பேசிக்கொண்டே செய்தாளாம். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறது. கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த காசு ஒவ்வொன்றும் சுட்டது. சூடு கூடியிருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

கண்டக்டர் சாயங்காலம் வந்தபோது விரித்த துண்டின் மேல் காசுகள் வரிசையாகப் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன. புதுக் காசு தோற்றுப்போகும். அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அவ்வளவு பெருமை.

"வந்து பாருங்க. எப்படி இருக்கு?"

அவர் குனிந்து ஒன்றை எடுத்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னத்துல கழுவினே?"

"எல்லாத்துலயும்தான். ஏன், கறை ஏதாச்சும் இருக்கா?"

"நீ எடுத்துப் பாரு," என்றார்.

அவள் எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடினாள். இடது கைக்கு மாற்றினாள். கன்னத்தில் வைத்தாள், உதட்டில் வைத்தாள். துண்டோடு அள்ளி மடியில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் துழாவினாள். அத்தனையும் வெறும் காசு. மகளின் கை என்று அவள் பிடித்துக்கொண்டிருந்ததும் கடைசியில் ஒரு அழுக்குப் படலம்தான், மீன் வாடையோடும் பீடி வாடையோடும் சேர்ந்து அதுவும் போய்விட்டது. "தண்ணி சூடா இருந்துச்சு," என்றாள் அவள். "எனக்குத் தெரியலையே. எனக்கு ஏன் தெரியவே மாட்டேங்குது?" கண்டக்டர், கழுவின தண்ணீரை எங்கே ஊற்றினாய் என்று கேட்டார். அவள் வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அவர் காக்கி யூனிஃபார்மோடு தெருச் சாக்கடை ஓரத்தில் மண்டிபோட்டு, முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தார். அப்படியே தெருமுனை வரை, அங்கிருந்து மருந்துக்கடை வரை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஊர்ச் சாக்கடையெல்லாம் சேருகிற மதகு வரை போனார். வழியில் பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் பின்னாலேயே ஒரு வாளி தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், கை கழுவுங்கண்ணே என்றார். கண்டக்டர் மாட்டேன் என்றார். ரொம்ப நேரம் கையைக் கழுவாமல் அங்கேயே நின்றார்.

அவள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஊரே தன்னால் ஆனதைச் செய்தது. வீட்டிலிருந்த உண்டியலையெல்லாம் உடைத்துப் பார்த்தார்கள். மருந்துக்கடை முதலாளி கல்லாப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து கவிழ்த்தார். ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் ஏற்கெனவே கண்டக்டரே பொறுக்கி எடுத்திருந்தாரே, ஒன்று விடாமல். அந்தச் சமயம் பார்த்து அரசாங்கம் பழைய சின்னக் காசுகள் செல்லாது என்று அறிவித்துத் திரும்ப வாங்கி உருக்கியது. கொஞ்ச நாளில் பஸ்ஸுக்குக் கார்டு வந்தது. பயணிகள் கார்டை மிஷினில் காட்டிவிட்டுப் போனார்கள். கண்டக்டரின் தோல்பை இடுப்பில் சும்மா தொங்கியது. யாராவது அபூர்வமாகச் சில்லறை நீட்டினால் அவர் கை முந்திக்கொண்டு போகும். காசு சில்லென்றிருக்கும். சாப்பாடு மறுபடி நின்றுபோயிருந்தது. தங்கைக்காரி மறுபடி வந்தாள். டாக்டர் மறுபடி வெளியே கூப்பிட்டார்.

ஒருநாள் காலையில் கண்டக்டர் கழுவின காசுகளில் ஒன்றை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அக்குளில் காசோடு எப்படிக் கம்பியைப் பிடிப்பது, எப்படிப் படியில் தொங்கிக்கொண்டு விசில் ஊதுவது. இரண்டு தடவை விழுந்து பொறுக்கினார். பிறகு கைக்குள்ளேயே மூடிக்கொண்டார், நாள் முழுக்க. வீட்டுக்கு வரும்போது அது சூடாக இருந்தது. "தேடினதுல ஒண்ணு கெடைச்சுது," என்று சொல்லி அவள் கையில் வைத்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத ஆள், குரல் காட்டிக்கொடுத்தது. அவள் விரல்கள் மூடின. கொஞ்சம் கழித்துத் தட்டை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் டப்பாவிலிருந்து ஒரு காசை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் போவார், சூடாக்கிக் கொண்டுவருவார், கிடைத்தது என்பார். அவள் வாங்கிக்கொண்டு, ஆறுகிற வரைக்கும் வைத்திருந்துவிட்டு டப்பாவில் போடுவாள். தேறினாள் என்று சொல்ல முடியாது. செத்துப்போகவில்லை, அவ்வளவுதான். வேலைக்குப் போகவில்லை, வெந்நீரைத் தொடவில்லை, ஒருமுறைகூடச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. அவர் வலது கை சதா மூடியே இருந்து இருந்து விரல்கள் நிமிர மறந்துபோயின. ஓய்வு பெற்ற அன்றைக்கு டிப்போவில் மாலையை இடது கையால்தான் வாங்கினார். பிறகும் அவர் வழக்கம் மாறவில்லை. ஜன்னலோரம் வெயிலில் நாற்காலியைப் போட்டு, கையை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் ஆனால் எழுந்து உள்ளே போய், கிடைத்தது என்பார். வீட்டைவிட்டு வெளியே போகாதவருக்கு எங்கே கிடைத்தது என்று அவளும் கேட்டதில்லை. வருஷங்கள் இப்படிப் போயின.

கடைசியில் அவர் படுத்தார். வயசானால் படுக்கத்தானே வேண்டும். அவள் கட்டிலிலிருந்து இறங்கி அவரை அதில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். ஒரு சாயங்காலம் அவர் மூடின கையை நீட்டினார். விரலைப் பிரிக்க அவருக்குத் தெம்பு இல்லை. அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காசை எடுத்தாள்.

"கெடைச்சுது," என்றார்.

"தெரியும். இது உங்க சூடு."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும். அவ கை எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் வாங்கிக்கிட்டே?"

அவள் போர்வையை அவர் கால்வரை இழுத்துவிட்டாள். "கை வலிக்க வலிக்கக் கொண்டுவந்தீங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது," என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். மகளுக்காக அவர் அழுதது அன்றைக்குத்தான், அதுவரை அவருக்கு நேரம் இருக்கவில்லை. அவளும் அழுதாள். தங்கைக்காரி கதவுக்கு வெளியே நின்று கேட்டதாகச் சொல்வாள். அந்த வாரமே அவர் போய்விட்டார்.

கடைசியாக வாங்கின காசை அவள் ஆறட்டும் என்று வைத்திருந்தாள். அது ஆறவில்லை. டப்பாவில் போடலாம் என்று திறந்தால், உள்ளே இருந்த கழுவின காசுகள் அத்தனையும் சூடாக இருந்தன. மகளுடைய காசு அளவுக்குச் சூடு இல்லை, ஒரு வெதுவெதுப்பு, லேசாகத் தோல்பை வாடை. அவள் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒருவேளை ஒன்றிலாவது அடியில் மகள் கை மிச்சம் இருக்காதா என்று கடைசிக் காசு வரைக்கும் தொட்டாள். இல்லை. எல்லாம் அவருடையதுதான். அவள் தேடாத கை. ஊருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கண்டக்டர் எவ்வளவு வருஷம் பிடித்துக்கொண்டிருந்தார், சூடு இல்லாமல் எப்படி இருக்கும் என்றார்கள். சங்கத்திலிருந்து கேஷியர் துக்கம் விசாரிக்க வந்தார். தடி ஊன்றித்தான் நடக்கிறார் இப்போது. ஒரு காசைக் கையில் வாங்கி மூடிக்கொண்டு நெடுநேரம் திருப்பித் தராமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, கழுவின காசு, சந்தையில் விலை போகாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

போன வருஷம் நாணயச் சங்கத்துக்கு ஆண்டுவிழா மலர் போட்டார்கள். மூத்த சேகரிப்பாளர்கள் எல்லோரிடமும் போய் ஒரே கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று. பிறந்த வருஷத்துக் காசு, வெளிநாட்டுக் காசு, மாமனார் பெட்டி என்று வழக்கமான புளுகுகள் வந்து சேர்ந்தன. கண்டக்டர் மனைவியிடமும் போனார்கள். குளிர்மாசம். பிஸ்கட் டப்பாமேல் பக்கத்து வீட்டுப் பூனை சுருண்டு படுத்திருந்தது. குளிர் வந்தால் அது அங்கேதான் படுக்கும். கேள்வியை இரண்டு தடவை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.

"நான் கழுவிட்டேம்ப்பா," என்றாள் அவள். "அப்படித்தான் ஆரம்பிச்சுது."

எழுத வந்தவன் அதை எழுதிக்கொள்ளவில்லை. காசுகளைப் படம் எடுக்கலாமா என்று கேட்டான். அவள், பூனை எந்திரிக்கட்டும், இரு என்றாள். அவனும் சரி என்று உட்கார்ந்தான்.